இருபது முட்டையும் ஒரு பலாக் கன்றும்

கீரமங்கலம் பக்கம் ஒரு நர்சரியில் வாங்கி வந்த ஒட்டுப் பலா அது. ஐப்பசி மழையில் நட்டேன், தைக்குள் இடுப்பளவு வந்துவிட்டது. ஒரு நாள் விடிந்ததும் காப்பித் தம்ளரோடு கொல்லைக்குப் போனால் நுனியைக் காணோம். நுனி மட்டுமில்லை, மேலே இருந்த ஏழெட்டு இலைகளும் போயிருந்தன. பக்கத்துச் செம்பருத்தி வரிசையில் வெறும் குச்சிகள்தான் நின்றன.

முயலாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தபோது இல்லை என்று தெரிந்தது. முயலுக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு. அது கடித்த குச்சி, கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் சுத்தமாக இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே தளிரைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கும். அதனால் மிச்சமிருக்கும் காம்பு நார் நாராகப் பிய்ந்து தொங்கும். என் பலா அப்படித்தான் தொங்கியது. ஆடும் இப்படித்தான் பிய்க்கும், ஆனால் எங்கள் ஊர் ஆடுகள் ராத்திரியில் பட்டியில் கிடப்பவை. ஈர மண்ணில் கூர்மையான இரட்டைக் குளம்படி வேலி ஓரமாகப் போய்த் தைலமரக் காட்டுக்குள் மறைந்திருந்தது.

எங்கள் ஊர், குன்றக்குடியிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். செட்டிநாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும்தான் நினைவுக்கு வரும். அந்த வீடுகளின் பின்கட்டைத் தாண்டினால் செம்மண், முந்திரி, தைலமரம், சீமைக்கருவேலம், கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாய். அதற்குள்தான் புள்ளிமான்கள் இருக்கின்றன. விரட்டலாம், தொடக்கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், குன்றக்குடி மலையைப் பார்த்தபடி இருந்துகொண்டு மானைத் திட்டவும் வாய் வராது. வள்ளியைப் பெற்றது மான், முருகன் ஏறுவது மயில். என் கொல்லையைப் பங்கு போட்டுக்கொள்வதும் இந்த இரண்டு பேர்தான்.

ஒன்றரை ஏக்கருக்கும் எட்டடி உயரத்துக்குக் கம்பி வலை கட்ட என்னிடம் பணம் இல்லை. அதனால் இலையின் ருசியைக் கெடுத்துவிட்டால் போதும் என்று முடிவு செய்தேன். ருசி கெட வேண்டுமென்றால் தமிழனுக்கு முதலில் தோன்றுவது வேம்பு. வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலக்கி, லிட்டருக்கு ஐந்து மில்லி கணக்கில் செம்பருத்திக்கும் பலாவுக்கும் கொய்யாவுக்கும் அடித்தேன். கை இரண்டு நாள் கசந்தது. மூன்றாம் நாள் கொய்யாவின் நுனியைக் காணோம்.

அந்த மாசத்தில், ஊர் ஊராக ஆடு ஓட்டிப்போய் மேய்க்கும் ஒரு கீதாரி பக்கத்து வயலில் கிடை போட்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் தெளிப்பானோடு நிற்பதைப் பார்த்துவிட்டு வரப்பில் குந்தினார்.

"என்ன அப்பு அடிக்கிறீங்க?"

"வேப்பெண்ணெய்ங்க ஐயா. மானு கடிக்காம இருக்க."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. "வேப்பங்கொழையை ஒடிச்சுப் போட்டா நம்ம ஆடு ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டுத் திங்கும் அப்பு. ஆட்டுக்குக் கசக்காதது மானுக்கு மட்டும் கசந்துருமா?"

சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சி இது. கோடையில் ஆட்டுக்காரர் தொரட்டியால் வேப்பங்கிளையை இழுத்துப் போடுவதை நூறு தடவை பார்த்திருப்பேன். பூச்சிக்கு வேம்பு ஆகாது, சரி. அந்த அறிவை அப்படியே நான்கு கால் பிராணிக்கும் நீட்டிவிட்டேன். நமக்குக் கசந்தால் உலகத்துக்கே கசக்கும் என்று எண்ணுவது மனிதப் புத்தி. தழை தின்று பிழைக்கும் பிராணி கசப்பையும் துவர்ப்பையும் கண்டு ஓடினால் பட்டினிதான் கிடக்க வேண்டும். அமெரிக்காவின் வெள்ளைவால் மான் போன்றவற்றின் எச்சிலில், இலையின் துவர்ப்புச் சத்தான டானினைப் பிடித்துக் கட்டிப்போடும் புரதமே இருக்கிறது. 1958-இல் ஸ்காட்லாந்தில் டெனட்டோனியம் என்று ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். உலகத்திலேயே அதிகக் கசப்பு அதுதான் என்பார்கள். நகம் கடிக்கும் பழக்கத்தை விடுவிக்க விரலில் தடவும் மருந்தில் இருப்பது. அதை மான் விரட்டியாகவும் அமெரிக்காவில் விற்றுப் பார்த்தார்கள், தழை தின்னிகளிடம் அது பெரிதாக எடுபடவில்லை. கீதாரி இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அவர் எழுந்து போகுமுன் வேலியோரச் செடி ஒன்றைக் காட்டினார். "இதோட பேரு என்ன அப்பு?" ஆடாதொடை. "பேரே சொல்லுதுல்ல?" ஆடு தொடா இலை. அதேபோல் ஆடுதின்னாப்பாளை. எந்தப் பிராணி எதைத் தின்னாது என்ற பட்டியலை நம் முன்னோர் செடியின் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நான்தான் வேப்பெண்ணெய் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். இயற்கை விவசாயம் செய்பவர்கள் பூச்சிவிரட்டிக்கு இலை தேர்ந்தெடுக்கும்போது சொல்வதும் இதே விதிதான்: ஆடு மாடு தின்னாதது, ஒடித்தால் பால் வருவது, கசக்கினால் நாறுவது. எருக்கு, நொச்சி, ஊமத்தை எல்லாம் அதில் வரும்.

கீதாரி சொன்ன மருந்து சாணி. சாணியைக் கரைத்து, விளக்குமாற்றால் இலை மேல் விசிறிவிடச் சொன்னார். சாலையோரக் கன்றுகளை ஆட்டிடமிருந்து காக்க நம் ஊரில் காலங்காலமாகச் செய்வதுதான். மேய்கிற மாடு தன் சாணி விழுந்த இடத்துப் புல்லைச் சுற்றிக்கொண்டு போகும், கவனித்திருப்பீர்கள். சாணியில் குடற்புழு முட்டை இருக்கும், அதைத் தவிர்க்கப் பழகிய பழக்கம் அது என்பது விளக்கம். மானிடம் இது ஓரளவு வேலை செய்தது. ஒரு வாரம் ஒன்றும் குறையவில்லை. ஆனால் காய்ந்ததும் செதில் செதிலாக உதிர்ந்தது, இலை முழுக்கப் பூசினால் வெயில் படாமல் செடி சோர்ந்தது. சாமிக்குப் பறிக்கிற செம்பருத்திக்குச் சாணி அடிப்பதை வீட்டில் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் ஆச்சியிடமிருந்து போன் வந்தது. எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம். அவள் நியூஜெர்சியில் முப்பது வருஷமாக இருக்கிறாள். புலம்பினேன்.

"இதுக்கா தம்பி இவ்வளவு? இங்கே மானு வாசப்படி வரைக்கும் வந்து ஹோஸ்டாங்கிற அழகுச் செடியைத் தின்னுட்டு, கூப்பிட்டு வச்ச விருந்தாளி மாதிரி நிக்கும். முட்டை அடி."

முட்டையா என்றேன். அங்கே கடையில் விற்கும் மான் விரட்டிகள் பலவற்றில் அடிப்படைச் சரக்கு அழுகிய முட்டைதான் என்றாள். கூடப் பூண்டு, மிளகாய்ச் சாறு, ஒட்டிக்கொள்ள ஒரு பசை. வீட்டில் செய்கிறவர்களுக்குக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு சொல்லும் அளவு ஒன்று உண்டு: 20 சதவீதம் முட்டை, 80 சதவீதம் தண்ணீர், ஏறக்குறைய 30 நாளுக்கு ஒருமுறை.

ஐந்து லிட்டர் தெளிப்பானுக்கு இருபது நாமக்கல் முட்டை ஆனது. நான் உடைத்து வாளியில் ஊற்றுவதை வீட்டுக்காரி கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். "இருபது முட்டையில தெருவுக்கே குழம்பு வைக்கலாம்" என்றாள். செட்டிநாட்டில் இதைவிடக் கடுமையான கண்டனம் கிடையாது. கலக்கி ஊற்றிப் பம்ப் அடித்தேன். நான்கு செடி தாண்டவில்லை, தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொண்டது. கழற்றி ஊதினேன், வாயில் பச்சை முட்டை. மஞ்சள் கருவைப் பிடித்துக்கொண்டிருக்கும் வெள்ளைச் சரடு இருக்கிறதே, அதை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு அடைக்கும் என்பதும் அதே பல்கலைக்கழகக் குறிப்பில் இருக்கிறது. ஆச்சி அதைச் சொல்ல மறந்துவிட்டாள். இப்போது பழைய வேட்டித் துணியில் வடிகட்டுகிறேன்.

இரண்டு நாள் கொல்லைப் பக்கம் லேசாக நாறியது. அப்புறம் நம் மூக்குக்குத் தெரியவில்லை, மானின் மூக்குக்குத் தெரிந்தது. முட்டை அழுகும்போது வரும் கந்தக வாடை, இறைச்சி தின்னும் பிராணி பக்கத்தில் இருக்கிறது என்பதுபோல் மானுக்குப் படுகிறதாம். ஆகவே முட்டை பாதி வாசனை மருந்து, பாதி ருசி மருந்து. முழுக்க ருசியை மட்டும் நம்பும் மருந்துக்கு ஒரு சங்கடம் உண்டு, அதை யாரும் டப்பாவில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. மான் கடித்துப் பார்த்தால்தான் அதற்கு ருசி தெரியும். ஆள் உயரச் செடியில் ஒரு வாய் போனால் போகட்டும். முழங்கால் உயரக் கன்றில் அந்த முதல் வாய்தான் நடுக்குருத்து. ஒட்டுக் கன்றாக இருந்தால் இன்னும் மோசம். ஒட்டுக்குக் கீழே வரை போய்விட்டால் அப்புறம் துளிர்ப்பது நாம் காசு கொடுத்து வாங்கிய ரகமே இல்லை, அடிமரத்துக் காட்டுக் கன்று. என் பலா ஒட்டுக்கு ஒரு சாண் மேலே கடிபட்டதால் பிழைத்தது. இரண்டு கவையாகத் துளிர்த்தது.

இன்னொன்றை நானாகப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மருந்து, அடித்த அன்று இருந்த இலைக்கு மட்டும்தான் காவல். பத்து நாளில் புதுத் தளிர் ஓர் அங்குலம் நீண்டிருக்கும், அதன் மேல் மருந்து கிடையாது. மானுக்குப் பிடித்ததும் அந்தத் தளிர்தான். பழைய இலை எல்லாம் பத்திரமாக இருக்க, நுனி மட்டும் தினம் போகும். ஆகவே காலண்டரைப் பார்க்காமல் செடியைப் பார்த்து அடிக்க வேண்டும். வேகமாகத் துளிர்க்கும் செம்பருத்திக்குப் பத்து நாள், மெதுவாக வளரும் சப்போட்டாவுக்கு ஒரு மாதம். இலை காய்ந்திருக்கும்போது அடிக்க வேண்டும், உச்சி வெயிலில் அடித்தால் கருகும். மான் ஒரு செடியை ருசி கண்டு வழக்கமாக வரத் தொடங்கிய பிறகு அடிப்பதைவிட, கண்டுபிடிக்குமுன் அடிப்பது பத்து மடங்கு நல்லது. நாம் தின்பதன் மேல் அடிக்கக் கூடாது. முருங்கைக் கீரையை யார் கழுவிக் கழுவிச் சமைப்பது?

மிளகாயைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் விட மாட்டார்கள். எல்லோரும் சொன்ன யோசனை அதுதான். ராமநாதபுரம் முண்டு மிளகாயைத் தூளாக்கித் தண்ணீரில் ஊறவைத்து அடித்தேன். மான் அதை மசாலாவாக எடுத்துக்கொண்டது. (செட்டிநாட்டுச் சமையல் என்றால் காரம் என்பதே ஓர் அவதூறு, அது வேறு கதை.) தவறு என்னுடையது. மிளகாயின் காரமான கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில்தான் இறங்கும். தாளிக்கும்போது வரும் கமறல் ஊறவைத்த தண்ணீரில் வருவதில்லையே, அதை வைத்தாவது யோசித்திருக்கலாம். எண்ணெயில் காய்ச்சி, சோப்போடு கலந்து அடித்தபோது நன்றாகவே கேட்டது. ஆனால் அதே செடிகளை மயில் கொத்திக்கொண்டே இருந்தது. நரம்பு நுனியில் காரத்தை உணரும் வாங்கியைக் கண்டுபிடித்ததற்கு டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கொடுத்தார்களே, அந்த வாங்கி பாலூட்டிகளுக்கு எரிவதுபோல் பறவைகளுக்கு எரியாது. மிளகாய்ப் பழத்தைக் கிளி ரசித்துத் தின்பது அதனால்தான். வள்ளியின் அம்மாவை விரட்டலாம், முருகனின் வாகனத்தை விரட்ட முடியாது.

மற்ற யோசனைகளும் வந்தன. சலூனிலிருந்து முடி வாங்கிக் கட்டிப் பார்த்தேன், ஒரு வாரம் மான் யோசித்தது, அதன்பின் யோசிக்கவில்லை. உப்புத் தண்ணீர் தெளி என்றார் ஒருவர். உப்புக்காக மண்ணையே நக்குகிற பிராணியிடம் உப்பைக் கொண்டுபோய்க் கொடுப்பதா? விதை நேர்த்திக்கு வாங்கும் திரம் என்ற பூஞ்சாணக் கொல்லியை அமெரிக்காவில் மானுக்கும் அடிப்பதுண்டு. கண்ணும் தோலும் எரியும், அதைக் கையாண்டவர் மது குடித்தால் உடம்பு படுத்திவிடும். வேலைக்கு வருகிறவர்களின் மாலை நேரப் பழக்கம் எனக்குத் தெரியும். வாங்கவில்லை.

மாசி முழுக்க முட்டை ஜெயித்தது. நான் ஊரில் கொஞ்சம் பெருமையாகக்கூடப் பேசிவிட்டேன். பங்குனி பாதியில் கண்மாயின் கடைசிக் குட்டையும் வற்றியது. ஒரே ராத்திரியில் மான்கள் செம்பருத்தி, கொய்யா, நந்தியாவட்டை மூன்றையும் முடித்துவிட்டன. அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, இலையில் முட்டை பளபளப்பாகத் தெரிந்தது. வாடையோடு, காரத்தோடு, சோப்போடு தின்றிருக்கின்றன. அரளியை மட்டும் விட்டிருந்தன. பசி ருசி அறியாது என்று மனிதர்களுக்குத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். புள்ளிமான் அடிப்படையில் புல் மேய்கிற பிராணி. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க் கரையெல்லாம் புல், அதற்கு என் செம்பருத்தி பெரிய தேவையில்லை. ஆனால் அந்த மாதங்களில்தான் மழை அடித்த மருந்தையெல்லாம் கழுவிக்கொண்டு போகும். பங்குனி, சித்திரையில் மழையே இல்லை, மருந்து இலையில் கல்லாக ஒட்டியிருக்கும். ஆனால் அப்போது மானுக்கு வேறு போக்கிடம் இல்லை. கழுவிப் போகிற காலத்தில் மருந்து அவ்வளவாகத் தேவையில்லை, ஒட்டி நிற்கிற காலத்தில் எடுபடுவதில்லை. நடுவில் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை ஓர் இடைவெளி. மழை நின்றிருக்கும், வெளியே இன்னும் கொஞ்சம் பச்சையும் மிச்சமிருக்கும். அந்த இரண்டரை மாதம்தான் எங்கள் மண்ணில் ருசி விரட்டியின் ராஜ்யம். "இதைத் தின்னாதே" என்று மானிடம் சொல்ல முடிகிற காலம், "அதைப் போய்த் தின்" என்று காட்ட வேறொன்று இருக்கும் காலம் மட்டும்தான். ஆச்சியின் நியூஜெர்சியிலும் கடும் பனிக்காலத்தில் இதே கதைதான் என்று அப்புறம் ஒப்புக்கொண்டாள்.

கொம்பு உரசும் ஆண்மானை மருந்து எதுவும் செய்யாது. கொம்பின் மேல்தோலை உரிக்க மாமரத்தின் அடியில் தேய்த்துப் பட்டையை ஒரு முழம் கழற்றியது ஒன்று. அது தின்ன வரவில்லை, அதனிடம் ருசி பேசி என்ன பயன்? மரத்தைச் சுற்றி மூன்று மூங்கில் குச்சி ஊன்றியதும் நின்றுவிட்டது.

இப்போது நான் எல்லாவற்றையும் காப்பாற்ற முயல்வதில்லை. வேலியோரச் செம்பருத்தி வரிசையை விட்டுக்கொடுத்துவிட்டேன், சாமிக்கு அரளியும் நந்தியாவட்டையும் போதும். பதினான்கு கன்றுகளுக்கு மட்டும் பங்குனி பிறக்குமுன் கருவேல முள்ளும் கம்பி வலையும் வைத்துக் கூடு கட்டுகிறேன். தையிலும் மாசியிலும் முட்டை. நுனி மானின் வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை இந்த வேலை உண்டு.

ஆச்சி புகுந்த வீடு நாட்டரசன்கோட்டை. இந்த வருஷம் செவ்வாய்ப் பொங்கலுக்கு வந்தவள் இரண்டு நாள் எங்களோடு இருந்தாள். இருட்டுக் கட்டுகிற நேரம், பின்கட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். வேலி இடுக்கில் நுழைந்து ஒரு பெண்மான் வந்தது. நேரே பலாவிடம் போய் மூக்கை நீட்டியது. அன்று காலையில்தான் அடித்திருந்தேன். தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்து, காதை இரண்டு தரம் ஆட்டியது. ஆச்சி என் கையைப் பிடித்து அழுத்தினாள். மான் கொய்யாவை முகர்ந்தது, சப்போட்டாவை முகர்ந்தது, அதையும் விட்டது. அப்புறம் கிணற்றடி முருங்கைக்குப் போய், முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பின்னங்காலில் நின்று, தாழ்ந்திருந்த கொத்தை இழுத்துக் கொண்டது. நிதானமாக மென்றது.

"நாளைக்குக் கீரைப் பொரியல்னு சொன்னியே தம்பி," என்றாள் ஆச்சி, "வேற ஏதாவது பாரு."